பருவமில்லாக் காடு பூக்கும் காலம்

போர்னியோவின் தாழ்நிலக் காட்டில் தை மாதத்துக்கும் ஆடி மாதத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பகலில் 32 டிகிரி செல்சியஸ், இரவில் 23 என்று ஆண்டு முழுக்க வெப்பநிலை ஒரே வரம்புக்குள் ஏறி இறங்கும். பெரும்பாலான ஆண்டுகளில் எந்த மாதத்திலும் மழை 100 மில்லிமீட்டருக்குக் குறையாது. நிலநடுக்கோடு தீவின் குறுக்கே ஓடுவதால் பகலின் நீளமும் அதிகம் மாறுவதில்லை. நம்மூர் மாமரம் பனிக்காலத்தில் பூவெடுக்கிறது, வேம்பு கோடையில் பூக்கிறது. அவற்றுக்குக் காலம் சொல்ல பனியும் வெயிலும் மழையும் முறை தவறாமல் வந்து போகின்றன. போர்னியோ மரத்துக்கு அப்படிச் சொல்வார் யாருமில்லை.

ஆனாலும் அங்குள்ள பெருமரங்கள் சேர்ந்தே பூக்கின்றன. ஆண்டுதோறும் அல்ல. இரண்டு ஆண்டு இடைவெளியில் பூப்பதுண்டு, நான்கு ஆண்டு இடைவெளியிலும் உண்டு, பத்தாண்டு வரை பூவே இல்லாமல் கிடப்பதும் உண்டு. பூக்கத் தொடங்கிவிட்டால் ஒரு மரமோ ஓர் இனமோ அல்ல, பல இனங்கள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில், ஒரு சில மாதங்களுக்குள் பூத்து முடிக்கின்றன. அதன்பின் மறுபடியும் ஆண்டுக்கணக்கில் பச்சை இலை மட்டும்தான். தாவரவியலாளர்கள் இதைப் பொதுப் பூப்பு என்கிறார்கள். ஆண்டு என்ற ஒன்றே இல்லாத இடத்தில் இத்தனை மரங்கள் ஒரே நாளைக் குறித்துக்கொள்வது எப்படி என்பதுதான் வெப்பமண்டலச் சூழலியலின் பழைய புதிர்களில் ஒன்று.

இந்த நாடகத்தின் முக்கியப் பாத்திரம் டிப்டெரோகார்ப் என்னும் மரக்குடும்பம். பெயர் அந்நியமாகத் தோன்றலாம். மரம் நமக்கு அந்நியம் அல்ல. தமிழ்நாட்டு மரக்கடைகளில் நிலைக்கதவுக்கு ‘மலேசியன் சால்’ என்று விற்கும் மரம் இந்தக் குடும்பம்தான். பிளைவுட்டின் மேல்தாளாக ஒட்டும் குர்ஜனும் இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளைக் குங்கிலியம் தரும் மரமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைக் கற்பூரத்தின் பழைய ஊற்றான மரமும் அப்படியே. சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் அந்தக் கற்பூரத்துக்குப் பேர்போனது. அதை அடுத்த லோபு துவாவில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088-ஆம் ஆண்டில் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இன்னும் பின்னால் போனால், குஜராத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய அம்பர் இந்தக் குடும்பத்து மரங்களின் பிசின்தான். இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதியபோது இக்குடும்பம் இங்கிருந்து கிழக்கே பரவியிருக்க வேண்டும் என்பது பலர் ஏற்கும் கருத்து.

போன இடத்தில் அது செழித்துவிட்டது. உலகில் உள்ள ஏறத்தாழ 500 இனங்களில் பாதிக்கு மேல் போர்னியோவில் இருக்கின்றன. காட்டின் மேல்விதானத்தில் பெரும்பகுதி இவைதான். சபா மாநிலத்தின் டானம் பள்ளத்தாக்கில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம் 100 மீட்டரைத் தாண்டி நிற்கிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மத்திய இந்தியாவின் சால் மரம் கோடை தொடங்கும்போது ஆண்டுதோறும் பூக்கிறது. அங்கே கோடை என்று ஒன்று இருக்கிறதே. ஆகவே ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைக் குடும்பக் குணம் என்று சொல்லிவிட முடியாது. பருவமற்ற நிலத்தில் குடியேறியதன் விளைவு அது. குறிஞ்சியோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நீலக்குறிஞ்சி தனக்குள் 12 ஆண்டுகளை எண்ணிக்கொண்டு 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்தது எப்போது என்று இன்றே சொல்லிவிடலாம். டிப்டெரோகார்ப் எதையும் எண்ணுவதில்லை. வெளியிலிருந்து ஒரு சைகை வருவதற்காக அது காத்திருக்கிறது.

ஏன் காத்திருக்க வேண்டும் என்பதற்கு 1974-இல் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் சொன்ன விடை இன்றும் நிற்கிறது. இந்த மரங்களின் விதை கொழுப்பு நிறைந்தது, நஞ்சு இல்லாதது. காட்டுப்பன்றி, அணில், எலி, கிளி, வண்டுப் புழு என்று எல்லாருக்கும் அது விருந்து. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்தால் அத்தனையும் தின்று தீர்க்கப்படும். தின்னும் கூட்டமும் பெருகும். பல ஆண்டு பட்டினி போட்டு, அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவைத்து, பிறகு ஒரே பந்தியில் யாராலும் தின்று மாளாத அளவுக்குக் கொட்டினால், மிஞ்சியது முளைக்கும். இந்த உத்தி பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: எல்லா மரங்களும், இனம் பாராமல், பரந்த நிலப்பரப்பில் ஒன்றாகக் காய்க்க வேண்டும். தனித்துக் காய்த்த மரத்தின் விதை ஒன்றுகூட மிஞ்சாது. போர்னியோவின் தாடிப்பன்றிகள் பழுத்த காட்டைத் தேடிக் கூட்டம் கூட்டமாக நெடுந்தூரம் இடம்பெயர்பவை. ஒரு மலைச்சரிவு மட்டும் ஒத்துப்போய்க் காய்த்தாலும் போதாது என்பது இதனால்தான்.

அப்படியானால் சைகை எதுவாக இருக்கலாம்? அரிதாக வருவதாக இருக்க வேண்டும். பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரே நேரத்தில் எட்டுவதாக இருக்க வேண்டும். உள்ளூர் மழையோ ஒரு நாள் வெயிலோ இதற்கு ஆகாது. இந்த இரண்டு தகுதியும் உள்ள ஒன்று பசிபிக் கடலில் இருக்கிறது.

இயல்பான ஆண்டுகளில் பசிபிக்கின் வெதுவெதுப்பான நீர் காற்றால் மேற்கே தள்ளப்பட்டு இந்தோனேசியாவை ஒட்டிக் குவிந்திருக்கும். அதன்மேல் காற்று எழும்பி மேகமாகி மழையாகக் கொட்டும். இரண்டிலிருந்து ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் காற்று தளர்கிறது. குவிந்திருந்த வெதுவெதுப்பான நீர் கிழக்கே நகர்கிறது. மேகமும் கூடவே போய்விடுகிறது. இதுதான் எல் நினோ. நம்மூரில் இந்தப் பெயரைக் கேட்டதும் தென்மேற்குப் பருவமழை பொய்த்துவிடுமோ என்ற கவலை வரும். வடகிழக்குப் பருவமழைக்கோ அது பல வேளை சாதகம். போர்னியோவிலும் மலாய்த் தீபகற்பத்திலும் அது கொண்டுவருவது வறட்சி. ஒழுங்கான கால இடைவெளி இல்லாத, ஆனால் மறுபடி மறுபடி வந்தே தீரும் சுழற்சி இது. பொதுப் பூப்பின் இடைவெளியும் அதே மாதிரிதான் இருக்கிறது. போர்னியோவின் மேற்குக் கலிமந்தானில் உள்ள குனுங் பாலுங் தேசியப் பூங்காவில் 1986 முதல் 1999 வரை கவனித்த லிசா கர்ரனும் அவருடைய குழுவினரும், 50-க்கும் மேற்பட்ட டிப்டெரோகார்ப் இனங்கள் எல் நினோ காலங்களில் மட்டும், ஒன்றிரண்டு மாத இடைவெளிக்குள், விதை உதிர்த்ததைப் பதிவுசெய்தார்கள்.

கடல் வெப்பமானது மரத்துக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியில்தான் சச்சரவு தொடங்கியது. பீட்டர் ஆஷ்டன், தாமஸ் கிவ்னிஷ், அப்பனா ஆகியோர் 1988-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: மூன்று நான்கு இரவுகள் தொடர்ந்து வெப்பம் வழக்கத்தைவிட 2 டிகிரி அளவுக்குத் தாழ்ந்தால் அதுவே போதும், மரம் மொட்டுக் கட்டத் தொடங்கிவிடும். வெப்பமண்டலப் பெருமரத்துக்கு 2 டிகிரி குளிர் ஒரு செய்தியா என்று நமக்குத் தோன்றும். வெப்பநிலை அசையவே அசையாத இடத்தில் வாழும் உயிருக்கு 2 டிகிரி என்பது பெரிய செய்திதான். போர்னியோவின் சரவாக் மாநிலத்து லம்பிர் காட்டில் பத்தாண்டுப் பதிவை அலசிய ஷோகோ சகாயின் குழு 2006-இல் வேறு விடை சொன்னது: குளிர் அல்ல, வறட்சி. மழை வெகுவாகக் குறைந்த சில வாரங்களுக்குப் பிறகே பூப்பு வந்திருக்கிறது என்றார்கள்.

இரு தரப்பும் ஒன்றையொன்று மறுக்க முடியாமல் போனதற்கு இயற்பியல்தான் காரணம். மேகமில்லாத வறண்ட வானத்தில் இரவு நேரத்துத் தரைவெப்பம் தடையின்றி வெளியேறிவிடும். வறண்ட இரவு பெரும்பாலும் குளிர்ந்த இரவாகவும் இருக்கும். இரண்டும் சேர்ந்தே வரும்போது எதற்கு மரம் செவிசாய்த்தது என்று வெறும் நாட்குறிப்பை வைத்துப் பிரிக்க இயலாது. கடைசியில் மரத்தையே கேட்க வேண்டியதாயிற்று. லம்பிரில் உள்ள கட்டுமானக் கிரேனில் ஏறி மர உச்சியிலிருந்து மொட்டுகளைப் பறித்து, அவற்றில் எந்த மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன என்று பார்த்தார்கள். 2013-இல் வெளிவந்த முடிவின்படி, ஷோரியா பெக்காரியானா என்ற டிப்டெரோகார்ப் மரம் பூப்பதற்கு முன் பூப்பைத் தூண்டும் மரபணுவின் செயல் மாறியிருந்தது. கூடவே வறட்சிக்கு எதிர்வினை காட்டும் மரபணுக்களும் விழித்திருந்தன. மலாய்த் தீபகற்பத்தின் வேறு இரண்டு ஷோரியா இனங்களை வைத்து 2017-இல் வந்த ஆய்வு, குளிரும் வறட்சியும் ஒருசேர வரும்போதுதான் கணக்கு மிகப் பொருத்தமாக வருகிறது என்றது. அந்தச் சைகை வந்து சில வாரங்கள் கழித்தே பூ விரிகிறது.

இந்த விடை எனக்கு ஏற்புடையதாக இருப்பதற்குக் காரணம், எல் நினோ இல்லாத சில ஆண்டுகளில் வந்த சிறிய பூப்புகளையும் இது விளக்குகிறது என்பதே. மரம் பசிபிக் கடலைப் பார்ப்பதில்லை. வறண்டு குளிர்ந்த சில வாரங்களைத்தான் பார்க்கிறது. அப்படிப்பட்ட வாரங்களை அதிகம் கொண்டுவருவது எல் நினோ, அவ்வளவுதான்.

சைகை வந்தாலும் கையிருப்பு வேண்டும். கற்பூர மரத்தை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள், அது பூப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் தண்டில் பாஸ்பரஸைச் சேர்த்துவைத்து, காய்க்கும்போது செலவழிப்பதைக் கண்டார்கள். அந்த மண்ணில் பாஸ்பரஸ் மிக அரிது. முந்தைய பூப்பில் செலவழித்துவிட்ட மரம், அடுத்த ஆண்டே சைகை வந்தாலும் பேசாமல் இருந்துவிடும். இன்னொரு மரம் பூத்துக் குலுங்கும்.

பூத்தபின் நடப்பவை தனிக்கதை. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான பூக்கள் விரிந்தால் மகரந்தம் சுமக்க யார் வருவது? சரவாக்கில் வண்டுகள் வருகின்றன. மலைத்தேனீக்கள் எங்கிருந்தோ பறந்து வந்து கூடு கட்டுகின்றன. நீலகிரிப் பாறைகளில் தேனெடுக்கும் பழங்குடியினர் அறிந்த அதே தேனீ இனம்தான். பூப்பு முடிந்ததும் அவை கிளம்பிவிடும். மலாய்த் தீபகற்பத்திலோ அப்பனாவும் சான் என்ற ஆய்வாளரும் கண்டது இன்னும் விநோதம்: கடுகைவிடச் சிறிய இலைப்பேன்கள். மொட்டுக்குள் முட்டையிட்டு, சில வாரத்துக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெருகி, அவைதான் இந்த இராட்சத மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கின்றன. இலைப்பேனுக்கும் ஒரே நேரத்தில் எல்லா மரத்தையும் கவனிக்க முடியாது. அதனால் அங்குள்ள பாசோ காட்டில் நெருங்கிய உறவுள்ள ஆறு ஷோரியா இனங்கள் முறைவைத்து, ஒன்று முடிய இன்னொன்று என்று பூக்கின்றன. காய் முற்றுவதில் மட்டும் முன்னால் பூத்தது நிதானித்து, பின்னால் பூத்தது விரைந்து, எல்லாம் அநேகமாக ஒரே நேரத்தில் உதிர்கின்றன. மகரந்தம் சுமப்பவர்களைப் பகிர்ந்துகொள்ளப் பிரிவது, தின்பவர்களைத் திணறடிக்கச் சேர்வது. இதைவிட நேர்த்தியான கால ஏற்பாட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

காட்டு மக்களுக்கும் இதில் பங்குண்டு. சரவாக்கில் எங்கபாங், கலிமந்தானில் தெங்காவாங் என்று அழைக்கப்படும் பெரிய கொட்டைகளை ஆற்றோர மக்கள் பொறுக்கி விற்பார்கள். அதன் கொழுப்பு கோகோ வெண்ணெயை ஒத்தது. ஐரோப்பியச் சட்டம் சாக்லேட்டில் சேர்க்க அனுமதிக்கும் ஆறு தாவரக் கொழுப்புகளில் அதுவும் ஒன்று, நம் சால் விதைக் கொழுப்பும் ஒன்று. குனுங் பாலுங்கின் ஒராங்குட்டான்கள் பழம் மலிந்த மாதங்களில் உடம்பில் கொழுப்பேற்றிக்கொள்கின்றன. பஞ்ச காலத்தில் மரப்பட்டை தின்று, சேர்த்த கொழுப்பை எரிக்கின்றன. அவற்றின் சிறுநீரில் கீட்டோன் இருப்பதைக் கொண்டு செரில் நாட் 1998-இல் இதை நிறுவினார்.

இதே எல் நினோ பசிபிக்கின் மறுகரையில் வேறு பாடம் நடத்துகிறது. பனாமாக் கால்வாய்க்காகத் தேக்கிய ஏரியில் ஒரு தீவாகிப்போன பார்ரோ கொலராடோவில் ஆண்டுக்குச் சுமார் 2,600 மில்லிமீட்டர் மழை பெய்யும். டிசம்பர் கடைசியிலிருந்து நான்கு மாதம் வறண்டிருக்கும். எல் நினோ ஆண்டில் அங்கும் மழை குறைகிறது. மரங்கள் வாடும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அவை அதிகம் காய்க்கின்றன. அங்கே ஆய்வுசெய்த ஜோசப் ரைட் இதற்குச் சொல்லும் காரணம் வெளிச்சம். மேகம் மூடிய மழைக்காட்டில் மரத்துக்குப் பற்றாக்குறை தண்ணீர் அல்ல, வெயில். இதைச் சோதிக்க ஆய்வாளர்கள் மழைக்காலத்தில் மர உச்சியின் மேல் சக்திவாய்ந்த விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். வெளிச்சம் பெற்ற கிளைகள் மற்றவற்றைவிட நன்றாக வளர்ந்தன. மறுபக்கம், ஐந்து ஆண்டு வறண்ட பருவங்களில் காட்டுக்கே தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தார்கள். பெரும்பாலான இனங்களின் இலை உதிரும் காலம் மாறவேயில்லை.

கோளாறு எல் நினோவுக்கு அடுத்த ஆண்டில் வருகிறது. முந்தைய ஆண்டு தாராளமாகக் காய்த்துக் கையிருப்பைக் கரைத்த மரங்கள், வறண்ட பருவத்திலும் மழை பெய்து மேகம் மூடும்போது காய்க்காமல் போய்விடுகின்றன. 1970-இல் அந்தத் தீவில் இப்படிப் பஞ்சம் வந்து பழம் தின்னும் விலங்குகள் ஏராளமாக மடிந்ததை ராபின் ஃபாஸ்டர் பதிவுசெய்திருக்கிறார்.

போர்னியோவில் எல் நினோ பூப்பைத் தருகிறது. அளவு மீறினால் கொல்லவும் செய்கிறது. 1998-இன் தொடக்கத்தில் லம்பிரில் அடித்த வறட்சியில் மரங்கள் இறக்கும் வீதம் வழக்கத்தைவிடப் பல மடங்கு உயர்ந்தது. அதைவிட நுட்பமான சேதம் அத்திமரங்களில் நடந்தது. ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் மகரந்தம் சேர்க்கத் தனியாக ஒரு குளவி உண்டு. அந்தக் குளவி காய்க்கு வெளியே உயிரோடிருப்பது ஓரிரு நாள்தான். வறட்சியில் சில அத்தி இனங்கள் காய்ப்பதை நிறுத்தியதும், போக இடமில்லாமல் அவற்றின் குளவிகள் அந்தக் காட்டிலிருந்தே அற்றுப்போயின என்று ரெட் ஹாரிசன் 2000-இல் எழுதினார். குனுங் பாலுங்கில் அதே 1998-இல் டிப்டெரோகார்ப்புகள் பூக்கத்தான் செய்தன. ஆனால் கன்றுகள் தேறவில்லை. பூங்காவைச் சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டும் எரிந்தும் போனதால் பசித்த விலங்கெல்லாம் எஞ்சியிருந்த காட்டுக்குள் வந்து குவிந்தன. விதையைக் கொட்டித் தின்பவர்களைத் திணறடிக்கும் பழைய உத்திக்குப் பரந்த காடு தேவை. அது இல்லாமல் போய்விட்டது.

குளிர்ந்த இரவு பற்றிய கேள்வி ஆப்பிரிக்காவிலும் எழுந்தது. காபோன் நாட்டின் லோப்பேயில் 1986-இல் தொடங்கி மாதந்தோறும் மரங்களின் பூவையும் காயையும் குறித்துவந்தார்கள். அங்கே நீண்ட வறண்ட பருவம் மேகமூட்டமும் குளிர்ச்சியும் கொண்டது. சில இனங்கள் பூக்க அந்தப் பருவத்தில் இரவு வெப்பம் 19 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும் என்று கரோலின் டியூட்டினும் மிஷெல் ஃபெர்னாண்டஸும் 1993-இல் எழுதினார்கள். அதன்பின் இரவுகள் வெப்பமடைந்தன. 2020-இல் வெளியான கணக்குப்படி 32 ஆண்டுகளில் பழுத்த பழம் கண்ணில் படும் வாய்ப்பு 81 விழுக்காடு குறைந்திருக்கிறது. அதைத் தின்னும் காட்டு யானைகளின் உடல்கட்டும் 2008-க்குப் பிறகு 11 விழுக்காடு தேய்ந்திருக்கிறது. காடு அழிக்கப்படாத இடத்தில் நடந்தது இது. தென்கிழக்காசியாவுக்குப் போடப்பட்ட கணினிக் கணிப்புகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன: வறட்சி வந்தாலும் குளிர் எட்டாமல் போய், பூக்கும் வாய்ப்பு குறையும் என்கின்றன. எந்த இனம் எவ்வளவு குளிருக்குப் பழகியது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் விளைவு வேறுபடும். அதுவும் சிக்கல்தான். இனங்கள் தனித்தனியே பூக்கத் தொடங்கினால் பன்றிகளுக்கு ஆண்டுதோறும் விருந்து.

காட்டை மீட்டுவளர்க்க முயல்பவர்களுக்கு இதெல்லாம் அன்றாடப் பிரச்சினை. டிப்டெரோகார்ப் விதையைக் காயவைத்துக் குளிரூட்டிச் சேமிக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். விழுந்த சில நாட்களில் முளைத்தும் விடும். ஆகவே விதை வங்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. 1982-83 எல் நினோவின் வறட்சியில் எரிந்துபோன சபா காடுகளில் ஐகியா நிறுவனத்தின் நிதியோடு 1998-இல் நடவு தொடங்கியது. இத்தகைய இடங்களில் வேலைத்திட்டத்தைக் காடுதான் வகுக்கிறது. பூப்பு இல்லாத ஆண்டுகளில் தாய்மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு நிழலில் ஒடுங்கி நிற்கும் கன்றுகளைப் பிடுங்கி வந்து பையில் வைத்துத் தேற்றுகிறார்கள். மர உச்சியில் பூ தெரிந்துவிட்டால், சிறகு முளைத்த காய் சுழன்று கீழே வர நான்கைந்து மாதம் ஆகும். அதற்குள் பைகளுக்கு மண் நிரப்பி, பொறுக்க ஆள் திரட்டி, பன்றிகளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.